நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடிய சர்வர்

1

இந்தக் கதை ஒரு தேதியிலிருந்து வந்தது. சர்வரில் ஒரு மென்பொருள் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கேட்டால் தேதி காட்டும். போன வருடம் ஜூன் பதினேழு. அன்று அதை ஓடவிட்டவள் கற்பகம். நவம்பரில் அவள் இறந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

('நான்' என்று தொடங்கிய மூன்று வரைவுகளும் இந்த இடத்தில் நின்றுவிட்டன. இனி 'அவன்'. பெயர் பாலகுரு.)

2

தொடக்கம், ஒன்று: திருத்தங்கலில் அன்று மழை (அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை.)

தொடக்கம், இரண்டு: பாலகுருவும் அவன் மனைவி கற்பகமும் ஒரு காலண்டர் கம்பெனியின் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு சாவு என்றதும் வாசகர் வெடிவிபத்தைத் தேடுவார். டெங்கு. ஐந்தாவது நாள் அவள்

3

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். ஊர் ஊராக ஏஜென்டுகள் தளத்தில் பார்த்து ஆர்டர் போடுவார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு, சர்வர் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. யாரும் உள்ளே நுழைந்து ஆர்டர்களை அழிக்கலாம். ஓட்டையை அடைத்த புதிய பதிப்பும் கூடவே வந்தது.*

புதியதை ஏற்றினால் பழையது போக வேண்டும். அவள் கையால் தொடங்கியதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். பாலகுரு ஆடிப்பெருக்கு வரை தள்ளிப்போட்டான்.

* அந்த மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நிரல் திறந்தே கிடக்கும். ஓட்டையைக் கண்டவர் ஒரு நாட்டில், அடைத்தவர் வேறொரு நாட்டில். திருத்தங்கலை இருவருமே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாற்றியது நான்கு வரி. பாலகுரு அதைப் படித்தான். கும்பிடத் தோன்றியது.

4

கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சியை முதல் வரைவில் வெறும் பிடிவாதக்காரராக எழுதியிருந்தேன். பழையதை மாற்ற வேண்டும் என்று பாலகுரு சொன்னதும் இப்படி:

"ஏலே, ஓடுற மிஷின்ல எவனாச்சும் கை வைப்பானா? அச்சு மிஷின நிப்பாட்டி எடுத்தா மறுபடி கலர் சேர முந்நூறு தாள் வேஸ்ட்டாப் போகும்லே."

"இதுல தாளே கிடையாது அண்ணாச்சி."

"தாளில்லாத வேலைக்கு எதுக்குலே அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு ஃபேனு?"

அச்சகக்காரர் புத்தி என்று அங்கேயே விட்டிருந்தேன். அது பாதிதான். போகிறவர் கதவருகே நின்றார்.

"அந்தப் பிள்ள ஓட விட்டது. நாம எதுக்கு நிப்பாட்டணும்னு இருந்தேன்."

பாலகுரு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நிப்பாட்டாமலே மாத்தலாம் அண்ணாச்சி. உக்காந்து பாருங்க."

5

ஆடிப்பெருக்கு அன்று காலை பதினொரு மணி. ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன, இனித் தள்ளிப்போட முடியாது. தளத்தில் ஏஜென்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். தவறினால் சீசனே போகும்.

பழையது ஓடும்போதே பக்கத்தில் புதியது எழுந்தது. புதிதாக வந்தவர்களை அது வாங்கிக்கொண்டது. பழையது புது ஆளைச் சேர்க்கவில்லை. கையிலிருந்தவர்களை விடவும் இல்லை. பாதி இறங்கிய ஆல்பத்தின் மீதியையும் கொடுத்த பிறகே ஒவ்வொருவரையும் அனுப்பியது. பழையதில் மிச்சம் நாற்பத்தொரு பேர். பன்னிரண்டு. மூன்று. எவருக்கும் எதுவும் அறுந்துபோகவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவே இல்லை.

(உவமை தேடினேன். கிடைத்ததெல்லாம் இதைவிடச் சின்னது.)

"ஒத்தத் தாளுகூட வேஸ்ட் இல்லையாலே?"

"இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

6

கடைசியில் ஒருவர் மிச்சம். நாகர்கோவில் பக்கத்து ஏஜென்ட், மெதுவான நெட் லைன். அவர் ஒருவருக்காக மட்டும், கற்பகம் தொடங்கியது ஓடிக்கொண்டிருந்தது.

முடிவு, ஒன்று: ஆல்பம் இறங்கி முடிகிறது. பழையது அடங்குகிறது. பாலகுரு அழுகிறான். (அழவில்லை.)

முடிவு, இரண்டு: காத்திருக்க முடியாமல் அவனே நிறுத்துகிறான். ஒரு கட்டளை போதும். (விரல்வரை வந்தது.)

இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை அது ஓடும்.

நாகர்கோவில்காரர் இன்னும் முடிக்கவில்லை. நீங்களும் இந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை.