ருத்ஸ்கியின் கோபம்

சிக்மண்ட் ருத்ஸ்கிக்குக் கோபம் வந்தால் அவர் காலடியில் உறைந்த மண் உருகிவிடும். லேனா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் அவருக்கு வாடகைக்கு விட்ட வீடுகளெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றன. கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக ஜார் அரசு நாடு கடத்திய போலந்துக்காரர், நிலவியல் படித்தவர். கோடைதோறும் எவெங்கிப் பழங்குடி வேட்டைக்காரன் தொல்போனுடன் பூர்ச்ச மரப்பட்டைப் படகில் உல்குன் ஆற்றில் எதிரோட்டமாகப் போய், கற்களை உடைத்துப் பார்த்து, வரைபடம் வரைந்தார். ஒரு கோடையில் கரைமேட்டில் தங்கம் தெரிந்தது. தங்கம் தோண்டியவர்கள் பக்கத்து ஆற்றைச் சேறாக்கி, அங்கே மீன் பிடித்தவர்களை விரட்டியதை ருத்ஸ்கி பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லாதே என்றார். தொல்போன் சொல்லவில்லை. ஆனால் காட்டில் கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்வது அவன் குலத்தில் பெரும் கேவலம்; முதலில் எதிர்ப்படுபவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அங்கே எடுத்த தங்கக்கட்டியைக் காவல் அதிகாரி பன்கிராத்தவின் கையில் வைத்துவிட்டு வந்தான்.

"ஏன்டா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"எதிர்ல வந்தது அவன்தானே அண்ணே. கரடி வந்திருந்தா கரடிக்குக் கொடுத்திருப்பேன். அது மோந்து பாத்துட்டுப் போயிருக்கும்."

அன்று ருத்ஸ்கி முழங்கால் வரை சேற்றில் நின்றார்.

பன்கிராத்தவ் மன்னிப்பு ஆணையோடு வந்தார். "இடத்தை மட்டும் காட்டுய்யா. அறுவடைக்குள்ள வில்னாவுல உன் பொண்டாட்டி கையால சூப் குடிக்கலாம். மக வேற வளந்துட்டாளாமே, நீ இன்னும் பாக்கல இல்ல?"

ருத்ஸ்கி கூட்டிப்போனார்; அங்கே அதிகாரி கூடாரங்கள் அடித்தார். கரைமேட்டில் நின்று, தன் மகளைப் பற்றி அப்படிப் பேசிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் மேடு முழுவதும் இளகி, தங்கத்தோடும் கூடாரங்களோடும் அதிகாரியோடும் ஆற்றுக்குள் சரிந்தது. தொல்போன் பன்கிராத்தவை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

"இதை யாருக்குண்ணே கொடுக்கிறது?"

ஆணை கிழிக்கப்பட்டது. வில்னாவிலிருந்து வந்த கடிதங்களை நிறுத்திவிட்டார்கள். ருத்ஸ்கி பதினெட்டு ஆண்டுகள் யாரையும் மன்னிக்காமல் வாழ்ந்து, ஒரு ஜனவரியில் இறந்தார். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் குழி வெட்ட இரண்டு நாள் நெருப்பு மூட்ட வேண்டும். அவருக்கு விறகு தேவைப்படவில்லை. இப்போது குளிர்காலத்தில் சாகிற எல்லோரையும் அவர் பக்கத்தில்தான் புதைக்கிறோம். அங்கே மண் இளக்கமாக இருக்கிறது.