கடை கிடைத்துவிட்டது

நாகராஜின் லேத் மோட்டார் புகைந்து நின்ற நாளிலிருந்து அவன் மனைவி தேவானை போனில் கேட்பது ஒரே கேள்விதான். "கட கெடச்சுதாய்யா?"

கிடைக்கவில்லை. மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே அவனுடைய பட்டறை. பட்டினப்பாக்கத்துப் படகுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துத்தான் வீட்டில் உலை வைத்தார்கள். கட்டடச் சொந்தக்காரர் புகழேந்திக்கு அந்த இடத்தில் பைக் நிறுத்த வேண்டும் என்று வெகுநாள் ஆசை. லேத் நின்றதும் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஓடாத பட்டறைக்கு எதுக்குப்பா எடம்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலன்னா காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது மோட்டார் வாங்க வக்கில்லை. உள்ளே எரிந்த செம்புக் கம்பிச் சுற்றை, அந்தக் காயிலை எடுத்துவிட்டு வேறு காயில் கட்டித் தரும் கடை வேண்டும். தி. நகர், அடையாறு என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நாய் படாத பாடு பட்டான். "இத யாரு சார் இப்ப கட்றாங்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." எல்லாக் கடையிலும் இதே பாட்டு. சார் போட்டே துரத்தினார்கள்.

புதன்கிழமை அவனுக்கு வெறுத்துவிட்டது. பட்டறையில் உட்கார்ந்து மோட்டாரைத் திறந்து, கருகிய காயில்களை வெட்டி உருவி, காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். எரிந்துபோன செம்பு யாருக்கு ஆகும்? வீட்டில் அரிசிப் பானையும் காலி, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காசில் அரிசி வாங்கி, பழைய பாக்கி வந்தது என்று சொல்லித் தேவானையிடம் கொடுத்தான்.

மறுநாள் காலையில் மீன் விற்கிற பொன்மணி அவனைப் பார்த்து நின்றாள். "இன்னாண்ணே, மூஞ்சி செத்துக் கீது?" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க ஐஸ் மிஷின் மோட்டார கட்டுனவரு கீறாரே, இனாயத் பாய்! மைலாப்பூர்ல, மார்க்கெட்டுக்குப் பின்னால. போர்டு கூட இருக்காது, கேட்டுக்கினு போ."

கேட்டுக்கொண்டே போனான். பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் பாதி ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி உருளைகளுக்கு மத்தியில் இனாயத் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டாரின் வெளிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார்.

"லேத்து மோட்டாரா? கட்டிரலாம் நைனா. நாளைக்கு மத்தியானம் வாங்கிக்க."

நாகராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய்த் தேவானையைக் கூப்பிட்டான். "கட கெடச்சிச்சுடி!" அந்தப் பக்கம் அவள் முண்டகக்கண்ணியம்மனைக் கூப்பிட்டுக் கத்தியது பூக்கடைக்காரிக்கே கேட்டிருக்கும்.

திரும்பி உள்ளே வந்தபோது இனாயத் மோட்டாரைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் செய்தித்தாள் விரித்திருந்தது.

"பழைய காயில் எங்க?"

"அது எரிஞ்சிபூட்ச்சு பாய். போட்டுட்டேன்."

"போட்டுட்டியா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பழசப் பிரிச்சு, எத்தினி சுத்து, இன்னா கனம் கம்பின்னு எண்ணித்தான் நான் புதுசு கட்டுவேன். இதுல வெவரம் போட்ட தகடும் இல்ல. நான் எதப் பாத்துக் கட்டுறது?"

"குத்துமதிப்பா கட்டக்கூடாதா பாய்?"

"ஒருத்தருக்கு அப்டித்தான் கட்டிக் குடுத்தேன். மோட்டாரோட பட்டறையும் எரிஞ்சுது. அல்லா மேல ஆணை, மறுபடி செய்ய மாட்டேன். ஓடு, காயலான் கடைல கெடந்தா எடுத்துக்கினு வா."

ஓடினான். கடைக்காரன் ஒரு மூலையைக் காட்டினான். மிக்ஸி, ஃபேன், பம்ப் என்று எந்தெந்த வீட்டிலோ எரிந்த காயில்கள் ஒரே கருப்பாகக் குவிந்து கிடந்தன. அவன் கையால் வெட்டியதுதான். ஆனாலும் எது தன்னுடையது என்று அடையாளம் தெரியவில்லை. அவனைப் போலவே இன்னும் எத்தனை பேர் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்! கைக்கு அகப்பட்டதையெல்லாம் கோணிப்பையில் அள்ளிவந்தான். இனாயத் ஒவ்வொன்றாக மோட்டாரின் உள்பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"இதுல இல்ல நைனா."

"காலீலயே ஒரு லோடு பூட்ச்சாம் பாய்."

இனாயத் மோட்டாரைத் துணியால் துடைத்து, புது மோட்டாரை எடுத்துக் கொடுப்பதுபோல அவன் கையில் கொடுத்தார். அந்த மரியாதைதான் நாகராஜால் தாங்க முடியாததாக இருந்தது.

பட்டறைக்கு வந்தால் தேவானை லேத்தைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் கையுமாக நிற்கிறாள். சந்து முனையில் புகழேந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்யா அவராண்ட, நாளைக்கு ஓடும்னு" என்று சிரித்துக்கொண்டே மோட்டாரை வாங்கியவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, உள்ள காலியா கீது?"

நாகராஜ் லேத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"உள்ள இருந்தத நேத்து ராத்திரி துன்னுட்டோம் தேவானை."