ரைட்டர் வீட்டு கேஸ்

“தண்ணியை ஊத்திப்போடாதே மேரி! உள்ளார கேஸ் ஆகிட்டிருக்குது!”

நிரம்பிய வாளியோடு கொட்டகைக்குள் பாய்ந்த செல்வமேரி அப்படியே நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றவர் அவள் கணவர் தேவசிகாமணி. முகம் முழுக்கக் கரி. பல் மட்டும் வெள்ளை. அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் எண்ணெய் டிரம், மூடி இடுக்குகளில் புகையைக் கசியவிட்டபடி முனகிக்கொண்டிருந்தது.

“தள்ளுங்க. இன்னிக்கு ஒரு நாளு இதைப் பத்த வைக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனீங்களா இல்லையா?”

“பண்ணுனேன். ஆனா சில்வர் ஓக் கட்டை இன்னிக்குத்தான் நல்லாக் காஞ்சு கெடக்குது. நாளைக்கு மழை வந்தா?”

“நாளைக்கு மழை வரட்டும். இன்னிக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வராங்க!”

ஏற்காட்டில், தலைச்சோலைக்குப் போகும் பாதையில் இருந்த காப்பி எஸ்டேட் ஒன்றில் தேவசிகாமணி ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கொட்டகையில்தான் எல்லாக் குறையும். எண்பதுகளின் தொடக்கம் அது. மலையில் கரண்ட் போனால் போனதுதான். அப்படி ஓர் இருட்டு வேளையில் யாரோ அவர் காதில் போட்ட சங்கதி இது: விறகை முழுசாக எரியவிடாமல், காற்றைக் குறைத்து மூச்சுத் திணற வைத்தால், புகையோடு எரிகிற வாயு ஒன்று வரும், அதைக் குளிர வைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குக் கொடுத்தால் எண்ணெய் இல்லாமலே எஞ்சின் ஓடும், பல்பு எரியும். நாலு வருஷமாக அவர் வேறெதையும் நினைக்கவில்லை. இதுவரை எரிந்தவை அவருடைய மீசையில் ஒரு பக்கம், லுங்கிகள் பல, கொட்டகைக் கூரையில் பாதி. பல்புதான் எரியவில்லை. ஊரார் அதற்கு ‘ரைட்டர் கேஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கேஸில் சிக்கித் தவித்தது மகள் இன்பமேரியின் கல்யாணம். பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் இருமிக்கொண்டே பஸ் ஏறினார்கள். அடுத்து வந்தவர்களை டிரம்மின் மூடியே வரவேற்றது. ‘டமார்’ என்று பறந்துபோய் மாப்பிள்ளையின் மாமா பிடித்திருந்த குடையில் விழுந்தது. அவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை. “எந்த ஊடா இருந்தாலும் சரிம்மா, புகையில்லாத ஊடாப் பாரு,” என்று இன்பமேரி சொல்லிவிட்டாள். இது மூன்றாவது இடம். இதுவும் கைநழுவினால் நான்காவது ஆள் மலை ஏறப்போவதில்லை என்று செல்வமேரிக்குத் தெரியும். மாதா கோயில் உபதேசியார் மரியஅந்தோணி கொண்டுவந்த சம்பந்தம். “உங்க ஊட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கறாங்கம்மா,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று செல்வமேரி அப்போது யோசிக்கவில்லை.

வெளியே ஜீப் கிறீச்சிட்டு நின்றது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து விருந்தாளிகளை ஏற்றிவரப் போன எஸ்டேட் டிரைவர் பொன்னுவேல், தன்னந்தனியாக இறங்கி ஓடிவந்தான்.

“அக்கா, அவங்க வரலீங்க! டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டாங்க!”

“ஏனாம்?”

“மாப்பிள்ளையோட அப்பாரு எறங்குனதும் எங்கிட்டக் கேட்டாருங்க. ‘ரைட்டர் ஊட்டுல கேஸ் நடக்குதாமே, மெய்யா’ன்னு. நானும், ‘ஆமாங்க, நாலு வருஷமா நடக்குது, எப்ப முடியும்னு அவருக்கே தெரியாது’ன்னேன். அதைக் கேட்டு மாப்பிள்ளையோட அம்மா தலையில கையை வச்சுட்டு, ‘சேலத்துக்கே திரும்பிப் போலாம்’னுட்டாங்க.”

செல்வமேரியின் கையிலிருந்த வாளி சாய்ந்து, தண்ணீர் முழுக்கப் பொன்னுவேல் காலில் கொட்டியது.

“அடப்பாவி! அவங்க கேட்டது கோர்ட்டு கேஸுடா!”

“நான் நம்ம டிரம்மு கேஸைச் சொன்னேனுங்க!”

போன வருஷம் பக்கத்து எஸ்டேட்காரர், தன் காப்பிக் களத்தில் புகை படிகிறது என்று சொல்லி, கேஸ் போடுவதாகக் குதித்தது உண்மை. தேவசிகாமணி போய் மன்னிப்புக் கேட்டதில் அது அத்தோடு அடங்கியது. யாரோ வேலையற்றவர்கள் அதைச் சேலம் வரைக்கும் ஊதிவிட்டிருக்கிறார்கள்!

“ஏனுங்க, நான் திரும்பி வரதுக்குள்ள இதை அணைச்சிருக்கோணும்,” என்று கணவனைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு, செல்வமேரி ஜீப்பில் தாவி ஏறினாள். “விடு வண்டியை!”

டீக்கடை பெஞ்சில் நெடுநெடுவென்று உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளையின் அப்பா பாக்கியநாதன். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி தேவகுமாரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. சற்றுத் தள்ளி, எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு என்பதுபோல் நின்ற பையன் ஜேசுதாஸ், மாப்பிள்ளை.

செல்வமேரி மூச்சு வாங்கக் கையைக் கூப்பினாள். “அண்ணா, அந்தக் கேஸு ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு.”

பாக்கியநாதனின் முகம் சட்டென்று வாடியது. “முடிஞ்சு போச்சுங்களா? எப்போ?”

“போன வருஷமேங்க. பக்கத்து எஸ்டேட்காரரு புகைக்குக் கோவிச்சுக்கிட்டாரு. மன்னிப்புக் கேட்டுட்டோம்.”

“சேச்சே! அதுக்காகவா விட்டுப்போட்டாரு மனுசன்? நானா இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்!”

கேஸ் நடத்துவதில் இத்தனை ஆசையுள்ள ஆளைச் செல்வமேரி அதுவரை பார்த்ததில்லை. பையன் நல்லவன்தானா என்று அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டியது. ஆனால் அதற்குள் தேவகுமாரி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“நெசமாவே முடிஞ்சு போச்சுங்களா அக்கா?”

“அந்தோணியார் மேல சத்தியமா.”

“அப்பப் போலாம்,” என்று முதல் ஆளாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள் தேவகுமாரி.

பாதி வழியில் மேகம் இறங்கிப் பாதையை மூடியது. வீடு தெரிவதற்கு முன்னாலேயே செல்வமேரிக்குச் சத்தம் கேட்டது. டுப்... டுப்... டுப்டுப்டுப். வளைவு திரும்பியதும், அந்த வெள்ளை மூட்டத்துக்கு நடுவே, கொட்டகை வாசலில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். நாலு வருஷமாக எரியாத பல்பு, இன்றைக்குப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது!

‘மாதாவே, மூணாவதும் போச்சு,’ என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி நிற்கும் முன்பே பாக்கியநாதன் குதித்தார். வீட்டைப் பார்த்து அல்ல, கொட்டகையைப் பார்த்து ஓடினார். சண்டைக்குத்தான் போகிறார் என்று பின்னாலேயே ஓடிய செல்வமேரியின் காதில் விழுந்த பேச்சு வேறு.

“தார் வந்து அடைக்குதுங்களா?”

“அடைக்காம? வால்வே ஒட்டிப் போவுதுங்க!”

“வடிகட்டிக்கு என்ன போட்டிருக்கறீங்க?”

“காஞ்ச காப்பித் தோலுங்க.”

“அடடா! நான் மரத்தூளைப் போட்டு நாசமாப் போனேனே!”

அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

வாசலில் தேவகுமாரி செல்வமேரியை ஏற இறங்கப் பார்த்தாள். “முடிஞ்சு போச்சுன்னீங்களே அக்கா?”

“நான் கோர்ட்டு கேஸைச் சொன்னேனுங்க.”

“எந்தக் கோர்ட்டு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொட்டகையிலிருந்து கிளம்பிய புகை மெதுவாக வந்து இருவரையும் சேர்த்து மூடியது. அந்தப் புகைக்குள்ளிருந்து இன்பமேரி காப்பித் தட்டோடு வந்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஜேசுதாஸ் கைநீட்டி டம்ளரை எடுத்தபோது, அவன் முழுக்கைச் சட்டையின் கை ஓரத்தில் பொட்டுப்பொட்டாகத் தீப்பொறி பட்ட ஓட்டைகள். அப்பாவின் லுங்கிகளில் அவள் தினமும் தைக்கிற அதே ஓட்டைகள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்ற தேவகுமாரி, பைக்குள்ளிருந்து பூவை எடுத்து இன்பமேரியின் தலையில் வைத்தாள்.

செல்வமேரிக்கு நம்ப முடியவில்லை. “ஏனுங்க, அப்பப் பஸ் ஸ்டாண்டுல எதுக்குத் திரும்பிப் போறேன்னீங்க?”

“இந்தக் கேஸுக்குத்தான். உபதேசியாரும் இவருமாச் சேந்துக்கிட்டு எங்கிட்ட மூச்சே விடலை. பஸ்ஸை விட்டு எறங்குனதும் இவரு ஆசை தாங்காம வாயை உட்டுட்டாரு. கோர்ட்டு கேஸா இருந்தா நான் பாட்டுக்கு வந்திருப்பேன். அது என்னிக்காச்சும் ஒரு நாள் முடிஞ்சு போயிருமில்ல?”

“அப்பறம் இப்ப எப்படிங்க மனசு மாறுச்சு?”

“கண்ணு எரியாத புள்ளை எனக்கு வேறெங்க அக்கா கெடைக்கும்?” தேவகுமாரி குரலைத் தாழ்த்தி, செல்வமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க ஊட்டுல ஒரு டிரம்முதான். எங்க ஊட்டுல மூணு.”