மேடவாக்கத்து மெஷின்

தயாளன் சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இங்கிலீஷ் கூடும். அன்றைக்கு நிறையவே கூடியிருந்தது.

"குணா, ரிசல்ட் கிளியரா இருக்கு. பேப்பர் நாளைக்கு ஜர்னலுக்குப் போகுது. உனக்கு என்ன ப்ராப்ளம்?"

ப்ராப்ளம் என் குப்பத்துக்கு. சேலையூர் கேம்ப் ரோட்டில் சார் நடத்தும் ஆராய்ச்சி மையத்தில், புள்ளியியல் படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவன் நான். மீன் பிடிக்கிறவர்கள், விற்கிறவர்கள் இருபது பேர். பள்ளி ஆசிரியர்கள் இருபது பேர். எல்லோருடைய மூளையையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டதில், மீனவர்களுக்கு மூளையின் மேலுறை மெலிந்திருக்கிறது என்று வந்தது. அந்த இருபது பேரையும் வீடு வீடாகப் போய், "ஒண்ணியும் ஆவாது, நான் கீறன்ல" என்று கூட்டி வந்தவன் நான். அதில் ஒருத்தி என் அம்மா அங்காளம்மா. பேப்பர் வெளிவந்தால், கடலோரத்தான் மூளை சுருங்கினவன் என்று, எழுதினவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்து உலகம் படிக்கும்.

"ஐயாயிரம் தடவை குலுக்கிப் பாத்தாச்சு," என்றார் சார். "அதுல பதினஞ்சு தடவைதான் இவ்ளோ பெரிய வித்தியாசம் தற்செயலா வந்திருக்கு."

குலுக்குவது என்றால் சீட்டுக் குலுக்குவதுதான். 'மீனவர்', 'ஆசிரியர்' என்ற நாற்பது சீட்டைக் கலைத்து, விழுந்தபடி நாற்பது பேருக்கும் கம்ப்யூட்டர் ஒட்டிவிடும். பிறகு இரு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும். கண்டபடி ஒட்டின சீட்டுக்கே அதே வித்தியாசம் அடிக்கடி வந்தால் நம் கண்டுபிடிப்பு வெத்துவேட்டு. அரிதாக வந்தால் விஷயம் உண்டு. நேர்மையான முறைதான். ஆனால் ஒரு நிபந்தனை: யார் சீட்டையும் யாருக்கும் மாற்றலாம் என்கிற அளவுக்கு எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியிருக்க வேண்டும்.

இங்கே அது முதல் நாளோடு சரி. அன்று எங்கள் ஆட்கள் நாலு பேர் சேலையூரில் புது மெஷினுக்குக் காத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த சரோஜினி டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய் சாரிடம் ஏதோ சொன்னார். மறுநாளிலிருந்து எங்களவர்கள் பதினாறு பேருக்கும் தனி வேன், மேடவாக்கத்தில் பழைய மெஷின். "அங்க டிராஃபிக் கம்மி," என்றார் சார். மேடவாக்கத்தில் டிராஃபிக் கம்மியாம்! நானும் தலையாட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆசிரியர்களில் பதினாறு பேருக்குப் புது மெஷின். அது பழுதான ஒரே நாளில் மட்டும் நாலு பேர் மேடவாக்கம் போனார்கள்.

"மெஷின் வாரியா பிரிச்சு, ஒரே மெஷின்ல படுத்தவங்களுக்குள்ள மட்டும் சீட்டைக் குலுக்கினேன் சார்," என்றேன். "ஐயாயிரத்துல மூவாயிரம் தடவைக்கு மேல அதே வித்தியாசம் வருது. மேடவாக்கம் போன நாலு டீச்சருக்கும் மூளை மெலிஞ்சுதான் இருக்கு. இங்க புது மெஷின்ல படுத்த எங்க நாலு பேருக்கு நல்லாத்தான் இருக்கு. மெலிசாக் காட்டுறது பழைய மெஷின்."

"உன் ஆளுங்கன்னதும் எமோஷனல் ஆகுற. கொடுத்த வேலையை மட்டும் பாரு."

"அப்ப எங்க ஆளுங்க இதுல இல்ல சார்."

இருபது கடிதங்களை மேசைமேல் வைத்தேன். பாதி கைநாட்டு. ஸ்கேனுக்கு முன்னால் நாங்கள் கையெழுத்து வாங்கிய தாளிலேயே இருக்கிறது: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் படத்தை அழித்துவிட வேண்டும்.

சாருக்கு முகம் சிவந்தது. "இவங்களைத் தூண்டிவிட்டது நீதானே?"

"அவன் இன்னா தூண்றது?" கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். மீன் வியாபாரம் முடித்து நேராக வந்திருந்தாள். பின்னால் குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். "என் தலய படம் புடிச்சி வெச்சிகினு, எனக்கே மூள கம்மின்னு எழுதுவியா சார்? அழி அத்த."

சார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழமயானா எங்கிட்ட வஞ்சரம் வாங்கினு போறியே, அப்ப நாறல?" என்றாள் அம்மா.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. "குணா, முதல்ல இவங்களை வெளிய உக்கார வை. அப்புறம் பேசலாம்."

"வெளிய உக்கார வெச்சதாலதான் சார் இந்த ரிசல்ட்டே வந்துச்சு," என்றேன்.

அம்மா அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.