ஆனாவுக்கு அப்புறம்

உசிலம்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் அழகுபாண்டிக்கு, நிச்சயம் முடிந்த மறுவாரம் ரோகிணி ஓர் ஆங்கிலக் கவிதையை வாட்ஸப்பில் அனுப்பினாள். அவள் பைக்கில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கே.கே. நகரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பழைய காலத்துக் காதல் கவிதை, பதினான்கே வரி. 'படிச்சுட்டு அர்த்தம் சொல்லுங்க' என்று கீழே எழுதியிருந்தாள்.

இவனுடைய ஆங்கிலம் தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதைத் தாண்டாது. பக்கத்துத் துணிக்கடை பாலகணேஷிடம் போனான். பாலகணேஷ் பி.காம். படித்தவன், தெரியாது என்று எதற்கும் சொல்லிப் பழகாதவன். படிக்கப் படிக்க அவன் முகம் சுருங்கியது.

"மாப்ள, மனசத் தேத்திக்க. முடி கொட்டும், தோலு சுருங்கும், கண்ணு மங்கும்னு எட்டு வரிக்கு வையிது."

அழகுபாண்டியின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. அங்கே வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

"மிச்ச வரி?"

"ஒம்பதாவது வரி 'ஆனா'ன்னு ஆரம்பிக்குது. அதுக்கு மேல படிக்கணுமா? எனக்குப் பாத்த பொண்ணு வீட்டுலயும் 'பையன் தங்கம், ஆனா'ன்னுதான் ஆரம்பிச்சாங்க."

மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் பைக்கோடு நின்றான். வெளியே வந்த ரோகிணி திகைத்துப்போனாள்.

"பிடிக்கலைன்னா நேராச் சொல்லிரு, ரோகிணி. வீட்டுல நான் பேசிக்கிறேன். அத இங்கிலீசுல எதுக்குச் சொல்லணும்?"

அவளுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஆனாவுக்கு அப்புறம் படிச்சீங்களா?"

"எங்க பக்கம் ஆனாவுக்கு அப்புறம் நல்ல சேதி வந்ததில்ல."

அவள் போனை எடுத்து, அங்கேயே நின்று சொன்னாள்: "உடம்பு வாடும், அழகு போகும். ஆனா என் அன்பு அதப் பாத்து வந்ததில்ல, அதனால அதோட போகவும் போகாது. இம்புட்டுத்தான் அர்த்தம்."

அழகுபாண்டி பைக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"நெசமாவே வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இதே மாதிரிதான் வந்து நின்னுருப்பேன்."

"சண்டை போடவா?"

"இல்ல. என்ன குறைன்னு கேக்க."

வாசலில் மாணவிகள் சிலர் வேண்டுமென்றே இருமினார்கள். ரோகிணி திரும்பினாள். "நாளைக்கு இந்தப் பாட்டுலதான் டெஸ்ட்." இருமல் நின்றது.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுருங்க" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். அவன் பைக்கில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாப் வந்தது, போனது. இறங்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை.