முதல் கிண்ணம்

சாப்பாட்டைப் படம் எடுத்து அம்பலவாணனுக்குப் பழக்கமில்லை. இலண்டனுக்கு வந்த நாள் முதல் கமராப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு கலியாண வீடு, சாமத்திய வீடு என்று ஈலிங், மிச்சம் என்ற இலண்டன் புறநகரங்களெல்லாம் அலைந்தவர். செத்தவீட்டுக்காரரும் அவரைத் தேடி வருவார்கள். பழைய கூட்டுப் படமொன்றில் யாரோ ஒருவரின் முகத்தில் விரலை வைத்து, "இவரை மட்டும் பெருப்பிச்சுத் தாங்கோ" என்பார்கள். மாலை போட ஒரு படம் வேண்டும். என்ன நடந்தது என்று அவர் கேட்பதில்லை.

தன் மகன் சயந்தனின் படத்தை மட்டும் அவர் பெருப்பித்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு தாய் தகப்பனிடம் வருவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பிள்ளையை வவுனியாவில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவனுக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். அவன் வந்த பிறகுதான் கணவாய் சமைப்பேன் என்று தாய் பாலாம்பிகை சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மூன்று வருடம் கழித்து, மிச்சம் பகுதியில் அச்சகம் வைத்திருந்த சிவானந்தன் ஹக்னிப் பக்கத்து வியட்நாமியக் கடைகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அடிக்கும் வேலையைப் பிடித்தான். படம் எடுக்க அம்பலவாணனைக் கூப்பிட்டான்.

"அண்ணை, பொம்பிளையளுக்குச் செய்யிற மாதிரி சூப்புக்கும் கொஞ்சம் பவுடர் பூசி எடுங்கோ."

"சூப்பு உன்ர மாமி மாதிரி முகத்தைச் சுழிக்காது. அது பெரிய சுகம்."

சந்தை ஓரத்தில் ஒருத்தி எண்ணெயில் சுருள் பொரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி நீளப் பாண் ரொட்டியைப் பிளந்து இறைச்சியும் புளிக்க வைத்த கரட்டும் கொத்தமல்லியும் அடைத்தாள். காற்று ஆவியைக் கலைத்துவிட, ஒன்றும் படத்தில் சரியாக விழவில்லை. கடைசியாகத் திருமதி லான் என்பவரின் கடைக்குள் நுழைந்தார். மேசைக்கு வந்த நூடில்ஸ் சூப்பின் ஆவி லென்ஸை மூடியது. பக்கத்துச் சுவர்த் தட்டில் இன்னொரு கிண்ணம் இருந்தது. இலை வாடவில்லை, மேலே கணவாய் வெள்ளையாக மிதந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கையை நீட்டினார்.

"வேண்டாம், முதல் கிண்ணம் அவருக்கு. அவர் இன்னும் சாப்பிடவில்லை" என்றாள் லான் ஆங்கிலத்தில்.

அப்போதுதான் கிண்ணத்துக்குப் பின்னால் ஊதுபத்தியையும் ஓர் ஆணின் படத்தையும் கண்டார். எத்தனையோ வீடுகளுக்கு இப்படிப் படம் செய்து கொடுத்த மனிதர், வெளிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டார். அவள் கோபிக்கவில்லை. வியட்நாமிலிருந்து தப்பித் தான் முதல் படகில் வந்ததாகவும், அடுத்த படகில் ஏறிய கணவன் எந்தக் கரைக்கும் வரவில்லை என்றும் சொன்னாள்.

"அப்படியென்றால் இறந்துவிட்டார் என்று எப்படித் தெரியும்?" யாரிடமும் கேட்காததை அவர் கேட்டார்.

"தெரியாது. உயிரோடு இருந்தால் எங்கேயாவது சாப்பிடுவார். இல்லையென்றால் அவருக்கு என்னை விட்டால் யார்? தெரியட்டும் என்று நான் காத்திருந்தால் இத்தனை வருடமும் அவர் பட்டினி."

பத்தி எரிந்து முடிந்ததும் ஆறிப்போன கிண்ணத்தை இறக்கி அவர் முன்னால் வைத்தாள். வைத்ததை யாராவது சாப்பிட வேண்டுமாம். ஒரு துண்டுக் கணவாயை வாயில் போட்டார்.

அன்று பின்னேரம் மனோர் பார்க் வீட்டில் பாலாம்பிகை வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சேர், எங்கட சயந்தனுக்கு ஒரு படம் போடுவம். ஒரு சாப்பாடு வைப்பம்" என்றார் அம்பலவாணன்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலையோ?"

"மூண்டு வருசம், பாலா."

"கல்யாணியின்ர மருமகன், செத்தான் எண்டு எல்லாரும் அழுது முடிச்சாப் பிறகு ஆமிக் காம்பிலை இருந்து உயிரோட வந்தவன். இஞ்ச வந்தாப் பிறகு நீங்களும் போய்ப் பாத்தனீங்கள்தானே."

அவர் கமராப் பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். ஆனால் லானின் கிண்ணம் கண்ணை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை அவள் சேர்ச் ரோட்டு முருகன் கோயிலுக்குப் போனதும், குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துச் சிவப்பு பல்பைப் போட்டார். சயந்தன் கடைசியாக அனுப்பிய பாஸ்போர்ட் படத்தை ஏற்கெனவே பிலிமில் பிரதி எடுத்து வைத்திருந்தார். தாள் படம் கழுவும் மருந்துத் தட்டில் அமிழ்ந்தது. முதலில் தலைமயிர் வந்தது, பிறகு புருவம். பிறகு, கமராவுக்கு முன் எப்போதும் கொஞ்சம் இறுகிப்போகும் அந்த உதடு. எத்தனையோ முகங்கள் அந்தத் தட்டிலிருந்து எழும்பியிருக்கின்றன. தன் சாயலில் ஒன்று வந்ததில்லை.

வெளியே படியில் காலடி கேட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து, சிவப்பு பல்ப் எரியும்போது, "வரலாமோ?" என்று கேட்காமல் பாலாம்பிகை கதவைத் தொட்டதில்லை. வெளிச்சம் பட்டால் தாள் பழுதாகிவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று கேட்கவில்லை. கதவை அகலத் திறந்தாள். நெற்றியில் திருநீறு. பகல் வெளிச்சம் தட்டில் கொட்டியது. மருந்துக்குள் சயந்தனின் நெற்றி இருண்டது, பிறகு கன்னம், பிறகு உதடு. தாள் முழுதும் கறுத்து முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவன் வந்தாப் பிறகு எடுங்கோ" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. கைதான் கதவை விடவில்லை.

பிரதி எடுத்த பிலிம் பழுதாகவில்லை. கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தாளை எடுத்திருக்கலாம். அம்பலவாணன் எடுக்கவில்லை. மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு ஜன்னல் துணியை அவிழ்த்தார். கீழே அவள் அரிசி களையும் சத்தம் கேட்டது, இரண்டு பேருக்கு.

அன்றும் சயந்தனுக்கு ஒருவரும் சாப்பாடு வைக்கவில்லை.