சுற்றுப்பாதைக்கு எத்தனை நிமிடம்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகியும் வாசல்படி தாண்டவில்லை. நடக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இவரோ, கைத்தடியோடு யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு பொய் சொன்னேன்.

நான் வேலை பார்ப்பது வனத்துறை அலுவலகத்தில். "பள்ளத்தாக்கு வழியா கடற்கரைக்குப் போய்ச் சுத்தி வர்ற பாதைக்கு போர்டு வைக்கணும். எவ்ளோ நேரமாகும்னு அளக்கணும். எங்க ஆளுங்க ஓடுற ஓட்டத்துக்கு சரியா வராது. நிதானமா நடக்குற ஆள் வேணும்," என்றேன்.

"நேரம்னா என்னைத்தானே கூப்பிடணும்," என்று கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மரநிழலில் ஓடையை ஒட்டியே பாதை இறங்கியது. பாசி படிந்த கல் வந்தால் நின்றார்; நான் கை கொடுத்தால் முறைத்தார். வளைவுக்கு வளைவு நேரம் சொன்னார், நானும் பெரிய அதிகாரி மாதிரி நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர் மறுபடி வாய் ஓயாமல் பேசியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடற்கரை மணலில் கால் புதைந்ததும் தளர்ந்துவிட்டார். பாறையில் உட்கார்ந்து, "இனிமே மேட்டுல ஏற என்னால ஆகாதுடி," என்றார். இப்போது ஆபீஸ் ஜீப்பை வரச்சொன்னால் இந்த மனுஷன் இனி செருப்பே மாட்டமாட்டார். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினேன்.

குடித்து முடித்தவர், "உக்காந்த நேரத்தக் கழிச்சுடுவியா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க? வர்றவங்களும் உக்காரத்தானே செய்வாங்க."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. தடியை ஊன்றி எழுந்தார். மறுபக்கத்து மேட்டில் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று, வியர்த்து வழிந்து, என்னையும் நன்றாகத் திட்டி, ஏறியே விட்டார்.

மேலே, பாதையின் முன்வாசலில், நாங்கள் போன மாதமே நட்ட போர்டு நின்றது: 'சுற்றுப்பாதை – 40 நிமிடம்.' அது அவர் கண்ணில் படக்கூடாதென்றுதான் பக்கத்து வழியாக இறக்கிக் கூட்டிப்போயிருந்தேன். சுற்றுப்பாதை சுற்றிக்கொண்டு அங்கேயேதான் வரும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

அவர் போர்டைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மாட்டிக்கொண்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க ஆபீஸ்ல தப்பா எழுதியிருக்காங்க," என்றார். "நாளைக்கு வந்து இன்னொரு தடவ அளந்துடலாம்."